பச்சையாக இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ரசாயன ஆலையின் குரோமியக் கழிவு, லட்சம் டன்னுக்கும் அதிகமாக, ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். இப்படிப்பட்ட இடங்களில் சீமைக் கருவேலம் செழித்து நிற்பதைப் பார்த்து மண் தேறிவிட்டது என்று நினைப்பது தவறு. நஞ்சிலிருந்து செடி ஓட முடியாது. பல செடிகள் அதைத் தமக்குள் பூட்டிவைத்துப் பிழைக்கின்றன. காட்மியம் என்ற நச்சு உலோகம் புகுந்தால், செடி கந்தகமுள்ள சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து அதைப் பிடித்துக் கட்டி, செல்லின் ஒரு மூலையில் அடைத்துவிடுகிறது. ஆகாயத்தாமரை வேர் கொடிய குரோமியம்-6ஐ நச்சு குறைந்த குரோமியம்-3ஆகவே மாற்றிவிடும். எவ்வளவு அருமையான வேலை!

ஆனாலும் உலோகம் எங்கும் போய்விடவில்லை, செடியில்தான் இருக்கிறது. ஏரியில் வாரிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்தால், அழுகியதும் மறுபடி தண்ணீருக்கே வரும். அப்புறம், கழிவுநீர்க் கால்வாயோரம் முளைக்கும் குப்பைக்கீரையைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். இலைக்குள் சேர்ந்த காட்மியம் கழுவினால் போகாது.

ஆகாயத்தாமரையை அகற்றும் உள்ளாட்சிகள், அதை எங்கே கொட்டுகிறார்கள், உலோகத்துக்குச் சோதித்தார்களா என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகர், ராணிப்பேட்டை