சென்னைக் குடிநீர் வாரியப் பொறியாளர்களுக்கு: மண்ணுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

வணக்கம்.

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் ஆர்.ஓ. ஆலை கட்டி, கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு உகந்த நீராக்கித் தருகிறீர்கள். பெரிய வேலை அது. நான் கேட்பது வேறு. சுத்திகரித்த நீரை இனி நிலத்தடிக்கு அனுப்பும் திட்டம் எது வந்தாலும், மண்ணைச் சேமிப்புத் தொட்டியாக மட்டும் பார்க்காதீர்கள், அதுவே ஒரு சுத்திகரிப்பு நிலையம்.

இஸ்ரேலின் டெல் அவிவ் நகரக் கழிவுநீரை ஷஃப்டான் என்ற சுத்திகரிப்பு நிலையத்தில் 1970களிலிருந்து இப்படித்தான் மணலுக்குள் இறக்குகிறார்கள். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு (நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைப்பது) முடிந்த நீரை அகன்ற குளங்களில் ஒரு நாள் போல விட்டு, அப்புறம் இரண்டு மூன்று நாள் காயப்போடுகிறார்கள். இந்தக் காயப்போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளை மணல் வெறுமனே வடிகட்டுவதில்லை. மணற்துகள்மேல் படலமாக ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன, எளிதில் சிதைவதில் பெரும்பகுதி முதல் ஓரிரு மீட்டருக்குள்ளேயே போய்விடும், மிச்சம் மாதக்கணக்கில் நிலத்தடியில் நகரும்போது மெல்லக் குறையும். தின்ன ஆக்சிஜன் வேண்டும். நீர் வடிந்த குளத்தில் மேலே படிந்த பாசியும் வழுவழுப்பும் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டு பிளக்கும், அந்தப் பிளவு வழியே காற்று இறங்கும், மண்ணில் ஒட்டியிருந்த அம்மோனியா நைட்ரேட்டாகும், அடுத்த முறை நீர் நிரம்பி ஆக்சிஜன் குறையும்போது அதில் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். எப்போதும் நிறைத்தே வைத்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் தீர்ந்த ஆழத்தில் மண்ணிலிருக்கும் மாங்கனீசு கரைந்து வரும். ஷஃப்டானிலேயே இந்தச் சிக்கல் வந்தது.

ஆகவே களிமண் படிந்த ஏரியை வருடம் முழுக்க நிரப்பி வைத்துவிட்டு மண் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது சரிவராது. நம் ஊரில் பல இடங்களில் நிலத்தடி நீர் மிக மேலேயே நிற்கிறது, குளத்தடிக்கும் அந்த நீர்மட்டத்துக்கும் நடுவே காய்ந்த மண் வேண்டிய அளவு இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். மணற்பாங்கான நிலமாகத் தேடுங்கள். கடல்நீர் பல பத்தாண்டுகளாக நிலத்தடிக்குள் வந்துகொண்டிருக்கும், சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர்ப் பக்கத்தை முதலில் ஆராயலாம் என்பது என் எண்ணம்.

மண்ணால் எல்லாம் முடியாது. வலிப்பு நோய் மருந்தான கார்பமசெபின் மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருந்தாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே வருகிறது. அதனால் குளங்களைச் சுற்றி மீட்புக் கிணறுகள் போட்டு, ஊரார் குடிக்கும் போர்வெல்லுக்கு இந்த நீர் போகாமல் தனியே இறைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சின்னதாக மூன்று நான்கு குளம் வெட்டி, மாற்றி மாற்றி நிரப்பிக் காயவிட்டு, உள்ளே போகும் நீரிலும் மீட்புக் கிணற்று நீரிலும் கரைந்த கரிமத்தை மாதாமாதம் அளந்து, அந்த எண்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள்.