இடைக்கால அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்: கொடி மாறிய பிறகு சாவி யாரிடம்?

பழைய ஆட்சி போய், புதிய சட்டம் எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம். யார் அமைச்சர், யாருக்கு எத்தனை இடம், தேர்தல் எப்போது என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சொத்து சத்தமில்லாமல் கைமாறிக்கொண்டிருக்கும். சீர்திருத்தம் வருகிறது என்று அறிவிக்கும் நாளுக்கும், அது அமலுக்கு வரும் நாளுக்கும் இடையில் சில மாதங்கள் கிடக்குமே, அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நில உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததுமே பெரிய நிலக்காரர் நிலத்தை மகன், மருமகள், நம்பிக்கையான வேலையாள் என்று பிரித்து எழுதிவிடுவார். சொந்தப் பயிர் வைக்கப்போவதாகச் சொல்லிக் குத்தகைக்காரரைக் கிளப்பிவிடுவார். சட்டம் வந்து சேரும் நேரத்தில் பத்திரத்தில் எல்லாமே வரம்புக்குள் இருக்கும். இதற்கு மருந்து முன்தேதி: சட்டம் வருவதற்கு முந்தைய ஒரு நாளில் நிலம் யாரிடம் இருந்தது என்பதையே கணக்கில் எடுப்பது. ஜப்பானில் 1945 டிசம்பரில் வந்த முதல் சட்டம் போதவில்லை. 1946 அக்டோபரில் வந்த இரண்டாம் சட்டம், 1945 நவம்பர் 23 நிலவரத்தைக் கணக்குக்கு அடிப்படையாக வைத்தது. ஊரிலேயே இல்லாத நிலக்காரரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் இருப்பவருக்குச் சுமார் 1 ஹெக்டேருக்கு மேல் (வட தீவான ஹொக்கைடோவில் 4) இருந்த குத்தகை நிலத்தையும் அரசு வாங்கிக் குத்தகைக்காரருக்கு விற்றது.

வரம்பைவிட எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதை நடத்திய கிராமக் குழு. அதில் 10 பேர்: குத்தகைக்காரர் 5, நிலக்காரர் 3, சொந்த நிலத்தில் உழுபவர் 2. குத்தகைக்காரர் தனியாகப் பெரும்பான்மை ஆக முடியாது, ஆனால் உழுபவரில் ஒருவர் சேர்ந்தாலே போதும். நிலக்காரருக்கோ அந்த இருவரும் வந்தாலும் ஐந்துதான். எந்த வயலை யார் உழுகிறார் என்பது குழுவில் இருந்தவர்களுக்கே தெரியும் என்பதால் பொய்க்கணக்கு எழுதுவது சிரமம். இந்த எண்ணிக்கையைத் தலைநகரில் உட்கார்ந்து மாற்றினால் சட்டத்தையே மாற்றியதாக ஆகும்.

தொழிற்சாலைகள் விஷயத்தில் ரஷ்யாவைப் பாருங்கள். 1992 அக்டோபர் முதல் குடிமக்களுக்கு ஆளுக்கு 10,000 ரூபிள் மதிப்பிட்ட வவுச்சர், அதாவது அரசு நிறுவனங்களின் பங்காக மாற்றிக்கொள்ளும் சீட்டு, கொடுத்தார்கள். விலைவாசி மாதாமாதம் ஏறியது. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள், கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். 1995-இல் அரசு பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது. நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனத்தின் பங்குகளில் 38 சதவீதம் ஏலத்தில் சுமார் 17 கோடி டாலருக்கு ஒனெக்சிம் வங்கியின் பக்கம் போனது. அந்த ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிதான்! ஏறக்குறைய இருமடங்கு கேட்ட போட்டியாளரின் கேட்பு நிராகரிக்கப்பட்டது. உறை போட்டவரே உறை பிரித்தால் வேறென்ன நடக்கும்? ஏலம் கேட்கும் வங்கிக்கு ஏல அறையில் வேறெந்தப் பொறுப்பும் கூடாது. நிராகரிப்புக்கான காரணம் அன்றே எழுத்தில் வெளியாக வேண்டும்.

இழப்பீடு யாருக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு ஒதுக்கியது, அவ்வளவும் எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்குக் கிடைத்ததோ 'பயிற்சி' என்ற பெயரில் கூலியில்லா வேலை. அது 1838 வரை இழுத்தது. பணம் பழைய கைகளிலேயே சேர்ந்தால், நாளை பத்திரிகையையும் வேட்பாளரையும் வாங்கப்போவது அதே கைகள்தான்.

காகிதம் இல்லாத உரிமையும் நிற்காது. அமெரிக்காவில் 1865 ஜனவரியில் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மனின் உத்தரவின்படி, விடுதலையான குடும்பங்களுக்குக் கடலோர நிலம் 40 ஏக்கர் வரை பிரித்துத் தரப்பட்டது. கையில் கிடைத்தது அனுபவ உரிமை மட்டும், முழுப் பட்டா அல்ல. அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், போரில் எதிர்ப்பக்கம் நின்றதற்கு மன்னிப்புப் பெற்ற பழைய உடைமையாளர்களுக்கு நிலம் திரும்பும்படி செய்தார். பயிர் வைத்தவர்களில் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் முதல் உத்தரவு பதிவு அலுவலகங்களுக்குப் போகட்டும். ஒவ்வொரு பதிவேட்டிலும் கடைசிப் பதிவின் கீழ் சிவப்புக் கோடு இழுத்து, பதிவு எண்ணையும் நேரத்தையும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். நடுவில் விட்டுவைத்த வெற்று வரிகளையும் அடித்துவிடுங்கள். பழைய தேதியிட்ட பத்திரங்கள் வந்து உட்காரும் இடம் அதுதான். நகல் ஒன்று அன்றிரவே வேறு ஊருக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
நில, சொத்துப் பதிவுகளோடு வேலை செய்பவர்கள்