காது கேளாத மாணவர் பயிலும் வகுப்பறைகளில் அவர்தம் வரலாற்றைக் காட்டும் காலக்கோடு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பிறவியிலேயே காது கேளாத என் மகள், குடியாத்தம் வட்டத்தில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வேலூர்ப் புரட்சி பற்றிய பாடத்தின்போது அவளுடைய ஆசிரியை கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, 1806-ஐயும் அதற்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளையும் குறித்திருக்கிறார். ‘அதற்கு முன்னர்’, ‘அதன் விளைவாக’ என்று பாடநூல் வாக்கியங்களுக்குள் ஒளிந்திருக்கும் கால வரிசை, மொழியைக் காதால் கேட்டு வளராத பிள்ளைக்கு எளிதில் பிடிபடுவதில்லை. கோட்டில் எது முன், எது பின் என்பதோ பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது. அன்று வீட்டுக்கு வந்தவள் அதே கோட்டைத் தாளில் வரைந்து, அதில் தன்னைப் போன்றவர்கள் எங்கே என்று சைகையில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்த பிறகே இம்மனுவை எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என வைத்து, வீட்டுச் சுவரில் நாங்களே ஒரு காலக்கோடு ஒட்டினோம். 1806-இலிருந்து 74 செ.மீ. தள்ளி 1880 வருகிறது. இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுவழிக் கல்வியே தக்கது, சைகை வேண்டாம் என்று தீர்மானித்த ஆண்டு அது. தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 செ.மீ., என் மகள் விரித்த கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைக் கையைக் கட்டி உட்கார வைத்தார்கள் என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் அதிக நேரம் நின்று பார்த்தது 1988-ஐத்தான். காது கேளாதோருக்கென அமெரிக்காவில் உள்ள கலோடெட் பல்கலைக்கழகத்தில் காது கேட்கும் ஒருவரைத் தலைவராக நியமித்ததை எதிர்த்து மாணவர்கள் வளாகத்தையே முடக்கிப் போராட, காது கேளாதவரான ஐ. கிங் ஜோர்டான் முதன்முறையாக அப்பதவிக்கு வந்தார். நம் பக்கத்திலும் குறிக்க வேண்டியவை உண்டு: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, 2015-இல் புதுதில்லியில் அமைந்த இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களுடன் வந்த சைகை மொழி அகராதி, 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற மதுரை ஜெர்லின் அனிகா.

ஆயினும், ஆண்டுகளும் சட்டங்களும் மட்டுமே பண்பாடு ஆகிவிடா. கோட்டின் கீழே இரண்டாவது வரிசை ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். நம் மாவட்டத்தில் வாழும் காது கேளாத பெரியவர்கள் தாம் படித்த பள்ளி, முதன்முதலில் சைகையில் பேச ஆள் கிடைத்த நாள், கைபேசியில் முகம் பார்த்துச் சைகையில் பேசத் தொடங்கிய ஆண்டு ஆகியவற்றைத் தம் கையாலேயே அதில் எழுதட்டும். அவர்களை வகுப்புக்கு அழைப்பது செலவு மிகுந்த காரியமன்று.

எனவே, காது கேளாத மாணவர் பயிலும் மாவட்டப் பள்ளிகளில் இக்காலக்கோட்டை, காது கேட்கும் மாணவர்களும் சேர்ந்து அமைக்குமாறு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அறிவுறுத்தவும், வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்களை இதற்குத் துணை நிற்கச் செய்யவும், பெரியவர்கள் வரும் நாளில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அனுப்பவும் வேண்டுகிறேன். உலக சைகை மொழிகள் நாளான செப்டம்பர் 23-க்குள் ஒரு பள்ளியிலேனும் தொடங்கினால் பேருதவியாக இருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள காலக்கோட்டின் நிழற்படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மாணவியின் தந்தை