கார்டின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் பினாங்கிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் டிக்கெட் எடுக்கும் குடும்பங்கள் அதிகம். அப்படி டிக்கெட் எடுக்க ஒரு பயண நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்த என் தங்கையிடம், "அக்கா, கார்டு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பணத்தை நாங்களே எடுத்துக்கிறோம்" என்றிருக்கிறார் அங்கே வேலை செய்யும் பெண். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. முதலாளி சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார். அந்த முதலாளிகள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விசா, மாஸ்டர்கார்டு என்றால் பின்பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் முன்பக்கத்திலேயே நான்கு எண்கள். இணையத்திலோ தொலைபேசியிலோ பணம் கட்டும்போது, கார்டு நம் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. கடையில் கார்டை இயந்திரத்தில் செருகும்போது சிப்பும் நாம் அழுத்தும் ஆறு இலக்க பின் நம்பரும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அங்கே மூன்று எண்ணுக்கு வேலையே இல்லை. கல்லாவில் இருப்பவர் கார்டைத் திருப்பிப் பார்த்து எதையாவது குறித்தால் உடனே ஏன் என்று கேளுங்கள்.

நான் வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புதுப்பித்த கார்டோடு வந்து, "நம்பர் பழைய நம்பர்தான், பின்னால மூணு எண் மட்டும் ஏன் மாறிப்போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் வங்கி தன் ரகசியச் சாவியால் (வங்கி மட்டும் அறிந்த கணினிக் குறியீடு) கணக்கிட்டு எடுப்பதுதான் அந்த மூன்று எண். தேதி மாறினால் அதுவும் மாறும். கறுப்புக் காந்தப் பட்டையில் பதிந்திருப்பது வேறொரு எண், சிப்பில் இருப்பது இன்னொன்று. பட்டையைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்தவனுக்கு அச்சிட்ட எண் கிடைக்கக் கூடாது என்றே இப்படிப் பிரித்து வைத்தார்கள். இவ்வளவு யோசித்துப் பிரித்ததை நாம் ஒரே படத்தில் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். இப்போது வரும் பல கார்டுகளில் பெயர், எண், தேதி, மூன்று எண் எல்லாமே பின்பக்கத்தில் இருப்பதால் ஒரு படமே போதும்.

வணிகர்களுக்கு இன்னொன்று. பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு துறையின் பொது விதிப்படி, வங்கி ஒப்புதல் தந்த பிறகு அந்த மூன்று எண்ணைக் கடைக்காரர் வைத்திருக்கவே கூடாது. பூட்டி மறைத்து வைத்தாலும் தவறுதான். நம் கார்டு எண்ணை நினைவில் வைத்திருக்கும் இணையக் கடைகள்கூட மூன்று எண்ணை மறுபடி கேட்பது அதனால்தான். உங்கள் கடைக் கைப்பேசியிலோ எத்தனை வாடிக்கையாளர்களின் கார்டு படங்கள் கிடக்கின்றன! அந்தக் கைப்பேசியைத் தொடுபவர்கள் எத்தனை பேர்? வேலையை விட்டுப் போனவர் எதை எடுத்துப் போனார் என்று யாருக்குத் தெரியும்?

"ஓடிபி வராமல் பணம் போகாது" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். சரி, உள்ளூர்க் கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன.

தொலைபேசியில் வியாபாரம் செய்பவர்கள் வங்கி மூலம் பணம் செலுத்தும் இணைப்பை அனுப்பலாம். வாடிக்கையாளர் தானே எண்களை நிரப்புவார், உங்கள் கண்ணில் படாது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் டூயிட்நவ் இருக்கிறது, அதிலும் வாங்கலாம். பயண நிறுவனங்களும் கல்யாண மண்டபங்களும் பட்டுச் சேலைக் கடைகளும் இந்த மாதமே மாறட்டும்.

ஏற்கெனவே படம் அனுப்பியவர்கள் தங்கள் கைப்பேசியில் அதை அழித்தால் மட்டும் போதாது, எதிர்முனையில் சேமித்திருப்பார்கள். கார்டின் பின்னால் உள்ள வங்கியின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, அந்தக் கார்டை ரத்து செய்து புதியது கேளுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், மலேசியாவின் தேசிய மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் உடனே சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு