விளக்கைத் தரைக்குத் திருப்புங்கள்: பேரூராட்சி மன்றத்துக்கு ஓர் ஆசிரியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளித் திடலை ஒட்டிய முச்சந்தியில் சென்ற ஐப்பசியில் நிறுவப்பட்ட உயர்கோபுர மின்விளக்கின் ஒளியை வானத்துக்குப் போகவிடாமல் தரைக்குத் திருப்பக் கோரி நான் கொடுத்த இரண்டு மனுக்களும் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும் என்பதால், அவற்றில் எழுதியதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. மார்கழி அமாவாசைக்கு முந்தைய சனிக்கிழமை இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது நடுநிலைப் பள்ளி. எங்களிடம் தொலைநோக்கி இல்லை; இருட்டு ஒன்றுதான் எங்கள் கருவி. ஆறு ஆண்டுகளாக, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் பெற்றோரின் துணையோடு பிள்ளைகளைத் திடலில் பாய் விரித்துப் படுக்கவைத்து வானத்தைக் காட்டி வருகிறேன். கார்த்திகையின் அறுமீனும், சிவந்து ஒளிரும் திருவாதிரையும், தெற்கே தாழ்வாக எழும் அகத்தியரும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் மார்கழியில் அவர்கள் ஆவலோடு தேடுவது, வடமேற்கு வானில் ஊதிவிட்ட புகைபோல் மங்கலாகத் தெரியும் ஆண்ட்ரோமெடா விண்மீன்திரளைத்தான். அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் விரல் நீட்டிய திசையிலேயே அரைமணி நேரம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போன வருஷம் எங்க அக்கா பார்த்தாங்களே, அது எங்க சார் போச்சு?" என்று கேட்டாள். அது எங்கும் போய்விடவில்லை. அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. நம் விளக்கின் வெள்ளை வெளிச்சம் பரவிய வானத்தில் அதைக் காண முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் இழந்தது என்னவென்பதை மன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமெடாவிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் நம் இனம் தோன்றியே சுமார் 3 இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதாவது, அவள் கண்ணை நாடி வந்த அந்த ஒளி, மனிதர் எவரும் இல்லாத காலத்தில் கிளம்பியது. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் வீதம் அத்தனை காலமும் வந்த ஒளி, நம் ஊருக்கு மேலே, கடைசிச் சில நூறு மீட்டரில், ஒரு கம்பத்து விளக்கிடம் தோற்றுப்போனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மங்கலான புகைத்துணுக்கு சாதாரணமானதன்று. நம் சூரியன் அடங்கிய விண்மீன்திரளான பால்வீதியே பிரபஞ்சம் முழுவதும் என்று அறிஞர்கள் பலர் நம்பியிருந்த காலத்தில், 1923-இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்திலிருந்து ஆண்ட்ரோமெடாவுக்குள் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டு, அதைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, அது பால்வீதிக்கு வெளியே உள்ள தனியொரு விண்மீன்திரள் என்று காட்டினார். இரவு இரவாக எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களிலிருந்து மனிதனின் இருப்பிடம் அத்தனை சிறியதாகிவிட்டது. பின்னாளில் அந்த மலையின் வானத்தையே லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விளக்குகள் வெளுக்கச் செய்துவிட்டன. இருண்ட வானத்தை நாடித்தான் இந்திய வானியலாளர் வைணு பாப்பு நம் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்; 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்ட வானத்தைக் கொண்ட மாநிலத்தில், விண்மீன்திரள் என்பதைப் பாடநூலில் அச்சிட்ட வண்ணப்படமாக மட்டுமே அறிந்த ஒரு தலைமுறையை வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களும் முதியோரும் அச்சமின்றி நடமாட வெளிச்சம் தேவை என்று அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. முழுமையாக ஏற்கிறேன், என் மனைவியும் மகளும் அந்த முச்சந்தி வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள். விளக்கை அணைக்கும்படி நான் ஒருபோதும் கேட்கவில்லை. தரைக்குத் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது எட்டு விளக்குகளும் வெளிப்புறமாக நிமிர்ந்து சாய்ந்திருப்பதால், அவற்றின் ஒளியில் ஒரு பகுதி எவருடைய பாதைக்கும் பயன்படாமல் வானத்துக்குப் போகிறது. நடப்பவர் கண்ணும் கூசுகிறது. அதற்கும் மக்கள் வரிப்பணத்தில்தான் மின்கட்டணம் செலுத்துகிறோம். நீலம் மிகுந்த வெள்ளை ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறும் என்பதால், இளமஞ்சள் விளக்குகளாக மாற்றினால் பாதி இடர் தீரும்.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. கம்பத்தின் அடியிலுள்ள, 'விஞ்ச்' என்னும் வடம் சுற்றும் உருளையைச் சுழற்றினால் விளக்கு வளையம் கீழே இறங்கிவிடும். சாய்வை மட்டமாக்கி, மேற்புறம் தகரமறைப்புப் பொருத்த ஒரு பகல் பொழுது போதும். மறைப்புக்கான செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளவும் அணியமாக இருக்கிறோம் என்பதை இரண்டாவது மனுவிலேயே எழுதியிருந்தேன். "பரிசீலனையில் உள்ளது" என்னும் ஒரு வரிதான் விடையாக வந்தது. ஒரு நாள் வேலைக்கு இரண்டு மாதப் பரிசீலனை எதற்கு என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என நம்புகிறேன்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே: தை அமாவாசைக்குள் அந்த விளக்குகளைத் தரைக்குத் திருப்பித் தாருங்கள். அதற்குப் பிறகு ஆண்ட்ரோமெடா அந்திப்பொழுதிலேயே மேற்கில் தாழ்ந்துவிடும். மீண்டும் மாலை வானில் ஏறும்போது ஐப்பசி மழைமேகம் மறைக்கும். அதற்குள் அந்த மாணவி எட்டாம் வகுப்பை முடித்து, எங்கள் பள்ளியை விட்டுப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்