வாரம் ஒருமுறை அந்தப் படலையைத் திறப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடுகளில் இருக்க, யாழ்ப்பாணத்தின் பெரிய வீடுகளில் தனித்து வாழும் முதியோரைப் பற்றித் தங்கள் பத்திரிகை அண்மையில் எழுதிய ஆசிரிய தலையங்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். கோயில்களும் தேவாலயங்களும் இவர்களுக்காக என்ன செய்கின்றன என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு மெதடிஸ்த சபையில் பிறந்து, அதே சபையில் ஞாயிறு பாடசாலையிலிருந்து ஆலய நிர்வாகக் குழு வரை பல பொறுப்புகளை வகித்து, இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கும் ஒருவன் என்ற முறையில், அக்கேள்விக்கு என் சபையின் அளவிலாவது நேர்மையான பதில் ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றச் சபைகளுக்கும் சமயங்களுக்கும் பேச எனக்கு உரிமை இல்லை.

நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. நத்தாருக்கு முன் உலர் உணவுப் பொதிகள் கொடுக்கிறோம். அறுவடைப் பெருவிழாவில் வாழைக்குலை, பூசணிக்காய், தேங்காய் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுப் பணம் சேர்க்கிறோம். சென்ற தடவை ஒரு சாதாரண பூசணிக்காயை ரொறன்ரோவிலிருந்து ஒருவரும் இலண்டனிலிருந்து ஒருவரும் தொலைபேசியில் போட்டி போட்டுக் கேட்டதில், அது சந்தை விலையைப் போல நூறு மடங்கைத் தாண்டிப் போயிற்று. ஞாயிறு ஆராதனை இணையத்தில் நேரலையாகவும் போகிறது. இவற்றில் எதையும் நான் இழிவாகக் கருதவில்லை. ஆயினும், அந்த அறுவடைப் பெருவிழா நடந்து சில வாரங்களுக்குள் எங்கள் சபையில் நடந்த ஒரு விடயத்தை எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பொருளில்லை.

எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் இறந்தபின் தனியாக வாழ்பவர், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்த நிலையில் இரவு முழுவதும் அங்கேயே கிடந்தார். மறுநாள் காலை பால் கொண்டு வந்தவர், படலை உட்புறமாகப் பூட்டியிருந்ததையும் விடிந்த பின்பும் விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும் கண்டு சந்தேகப்பட்டு மதிலேறிக் குதித்ததனால் அவர் உயிர் பிழைத்தார். பால்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனபோதுதான், அதற்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் முழங்கால் வலியால் ஆலயத்துக்கு வரவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. வராததை நாங்கள் கவனிக்காமல் இருந்தோம் என்று சொல்வதும் சரியல்ல. கவனித்தோம், "அக்கா வீட்டிலிருந்து நேரலையில் பார்ப்பார்" என்று எண்ணிக்கொண்டோம். அந்த வீட்டில் நேரலை பார்ப்பதற்கான கருவி எதுவும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் கனடாவிலுள்ள அவருடைய மகன்.

முன்பெல்லாம் ஆலயத்தில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. இரண்டாம் வாரமும் வெறுமையாக இருந்தால் யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். இப்போது வெறுமையான இருக்கைக்கு எங்களிடம் எப்போதும் ஒரு விளக்கம் இருக்கிறது.

மெதடிஸ்தர் என்ற பெயருக்கே இது பொருந்தாது என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்வீர்களாக. 1742 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் அவருடைய மக்களும் தாங்கள் கட்டிய மண்டபத்தின் கடனை எவ்வாறு தீர்ப்பது என்று ஆலோசித்தார்கள். ஒவ்வோர் அங்கத்தவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, பலரிடம் அதற்கும் வழியில்லையே என்று மற்றொருவர் மறுத்தார். அப்போது ஃபோய் என்ற கப்பித்தான், மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், வாரந்தோறும் தாமே அவர்களிடம் போவதாகவும், அவர்களால் கொடுக்க இயலாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்துத் தாமே கொடுப்பதாகவும் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றார்கள். ஆனால் பென்னி வாங்குவதற்காக வீடு வீடாகப் போனவர்கள், எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதையெல்லாம் கண்டுகொண்டு வந்து சொல்லத் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் வகுப்புக் கூட்டமும் வகுப்புத் தலைவர் என்ற பொறுப்பும். கடன் வசூலிப்பு மனிதரை விசாரிக்கும் வேலையாக மாறியது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கின்மேல்தான் எங்கள் திருச்சபை எழுந்தது. எனக்குத் தெரிந்தவரையில், இதைவிடச் சிக்கனமான சமூக சேவைத் திட்டம் ஒன்றை எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்தர் என்றவுடன் மக்கள் நினைப்பது பாடசாலைகளையே. அது இயல்பு. 1814 இல் தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்துபோக, தலைவரை இழந்த நிலையில் காலியில் வந்திறங்கிய இளம் மிஷனரிகளில் லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகிய இருவர் அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1816 இல் தொடங்கியது இன்றைய மத்திய கல்லூரி. 1838 இல் வேம்படி மகளிர் பாடசாலையும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் வந்தன. மத்திய கல்லூரியில் பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அங்கேயே கற்பித்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் அப்பள்ளியில் கண்ட முறைகளையே சைவத்தின் பக்கம் திருப்பிச் சைவப் பாடசாலைகளை எழுப்பியதை நாங்கள் இன்றும் ஒருவிதப் பெருமையோடுதான் சொல்லிக்கொள்கிறோம். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்திடம் போயின. அதுபற்றிய வாதங்கள் எனக்குத் தெரியும். அவற்றை இங்கே கிளற விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாடசாலைகள் போனபின் எங்கள் சேவை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாங்கள் இன்னும் அந்தப் பழைய கட்டடங்களைத்தான் கைகாட்டுகிறோம். எந்தச் சட்டமும் எடுக்காத ஒன்று, வீடு வீடாகப் போய் விசாரிக்கும் அந்த வகுப்பு முறை, எங்களிடமே இருந்தது. அதை நாங்களாகவே கைவிட்டுவிட்டோம்.

எவ்வாறு கைவிட்டோம் என்பதையும் எழுத வேண்டும், ஏனெனில் அது சோம்பலால் மட்டும் நடந்ததல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு மழையில் வலிகாமமே போரினால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எங்கள் வகுப்புத் தலைவர் அப்போது அறுபது வயதைத் தாண்டியவர். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவர் தென்மராட்சி முழுவதும், சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பாடசாலை விறாந்தைகளிலும் மர நிழல்களிலும் தேடித் தேடித் தம்முடைய பன்னிரண்டு குடும்பங்களில் பதினொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எங்களைக் கண்டதும் அவர் கேட்டது, "ஆக்கள் எல்லாரும் இருக்கினமோ?" என்பதே. ஜெபம் பிறகுதான். அவரிடம் பணம் இருக்கவில்லை, நிவாரணப் பொருள் இருக்கவில்லை. ஒரு பழைய கொப்பியும் பெயர்களும் இருந்தன. பன்னிரண்டாவது குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது என்று அறியும் வரை அவர் தேடுவதை நிறுத்தவில்லை.

மறு ஆண்டு ஊர் திரும்பியபோது அந்தக் கொப்பியிலிருந்த பெயர்களில் பாதிப்பேர் இல்லை. பின்னர் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனார்கள். பின்னர் தனி மாவட்டமான கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தாலும் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்போது இருந்தவர்கள் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். போனவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வகுப்புத் தலைவர்களாக வரவேண்டியவர்கள் போய்விட்டார்கள். விசாரிக்கப்பட வேண்டியவர்கள் இருந்துவிட்டார்கள். சேகரம் என்ற எங்கள் நிர்வாகப் பிரிவின் முகாமைக்குருவானவர் ஒருவரே பல ஆலயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளில் எங்கள் முறைப்படி அவருக்கு இடமாற்றமும் வந்துவிடும். வீடுகளை அவர் அறிந்து முடிப்பதற்குள் வேறொருவர் வந்துவிடுவார். ஆகவே இந்த வேலையைக் குருவானவரின் தலையில் கட்டுவது நியாயமல்ல. இது தொடக்கத்திலிருந்தே சபையாரின் வேலை.

இதை எங்கள் குழுவில் நான் எடுத்துச் சொன்னபோது வந்த மறுமொழிகளில் மூன்றுக்கு இங்கே பதில் எழுத விரும்புகிறேன். முதலாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்களே, ஆள் வைத்துப் பார்க்கலாமே என்பது. வசதியுள்ள சிலரால் முடியும், முடிந்தால் நல்லது. ஆனால் சம்பளத்துக்கு வரும் பெண் மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பார். அம்மா ஏன் மூன்று நாட்களாகப் பேசவில்லை என்று கேட்க அவருக்கு உரிமை இருப்பதாக அவரே நினைக்கமாட்டார். தவிரவும், எங்கள் சபையில் தனித்திருப்பவர்கள் எல்லோருக்கும் கனடாவில் மகன் இல்லை. போரில் பிள்ளைகளை இழந்தவர்களும், திருமணமே செய்யாமல் சகோதரங்களை வளர்த்துவிட்டு இப்போது தனியே இருப்பவர்களும் உண்டு. இவர்கள் அறுவடை ஏலத்தில் பெயர் வாசிக்கப்படாதவர்கள்.

இரண்டாவது, பொதி கொடுக்கப் போகும்போது பார்க்கிறோமே என்பது. இதைப்பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். பொதியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடம் சந்திப்பு ஆகாது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவரை, அரிசிப் பையைக் கையில் பிடித்தபடி முகநூலில் காட்டுவதைப் போல அவமதிப்பு வேறில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாயார், படம் எடுப்பார்கள் என்பதற்காகவே பொதி வேண்டாம் என்று படலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அவரிடம் நான் பின்னர் வெறுங்கையோடு போனேன். "வந்து இருந்து கதைச்சதே காணும் தம்பி, ஒண்டும் கொண்டுவராதையும்" என்றார். தேநீர் அவர்தான் தந்தார்.

மூன்றாவது மறுமொழி சங்கடமானது. பக்கத்து வீட்டுச் சைவ முதியவரையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, மதமாற்றத்துக்கு வருகிறார்கள் என்று பேச்சு எழும் என்றார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். உதவியோடு பிரசுரத்தையும் நீட்டிய குழுக்கள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கின்றன. அந்தப் பழியைச் சுமப்பது எல்லாக் கிறிஸ்தவர்களும்தான். ஆகவே போகிறவர் வேதாகமத்தைக் கையில் கொண்டு போகாமல் இருப்பதே மரியாதை என்பது என் எண்ணம். கேட்டால் ஜெபிக்கலாம், கேட்காவிட்டால் மின்சாரக் கட்டணத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி என்ன என்று பார்த்துவிட்டு வரலாம். மதிலேறிக் குதித்த பால்காரர் எங்கள் அக்காவிடம் சமயம் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. இதற்கு வெளிநாட்டுப் பணமும் வேண்டாம். ஒவ்வொரு சபையிலும் தனித்து வாழ்பவர்களின் வீடுகளைத் தெருவாரியாக எழுதி, பத்து வீட்டுக்கு இருவர் வீதம் பொறுப்புக் கொடுத்தால் போதும். ஒருவரைவிட இருவர் நல்லது. ஒருவருக்குச் சுகமில்லாதபோது மற்றவர் போகலாம், வீண் பேச்சும் எழாது. அதில் ஒருவராவது இளையவராக இருக்கட்டும். எங்கள் வாலிபர்கள் கரோல் பாடுவதற்கு ஒரே இரவில் இருபது வீடு போகிறார்கள். அந்த உற்சாகத்தில் ஒரு சிறு பங்கு தை மாதத்துக்குப் பிறகும் மிஞ்சினால் போதும். நேரலையை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அது படுக்கையில் இருப்பவர்களுக்கு உதவும். வட்ஸ்அப் குழுவும் இருக்கட்டும். போன வீட்டுக்குப் போயாயிற்று என்று இரண்டு சொல் போடுவதற்கு அது நல்ல வழி. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அயலில் ஒருவரிடமாவது வீட்டுச் சாவியின் பிரதியொன்றைக் கொடுத்து வையுங்கள். எல்லோர் வீட்டுக்கும் மதிலேறக்கூடிய பால்காரர் வரமாட்டார்.

எங்கள் சபைகளில் ஜனவரி முதல் ஞாயிறன்று உடன்படிக்கை ஆராதனை நடக்கும். பணியில் அமர்த்தப்பட்டாலும் பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டாலும் ஆண்டவருக்கே உரியவர்களாக இருப்போம் என்ற கருத்துப்பட எல்லோரும் எழுந்து நின்று வாக்குக் கொடுப்போம். அந்த வாக்கின் முற்பாதி இளையவர்களுக்கும் பிற்பாதி முதியவர்களுக்கும் என்று நான் சிறு வயதில் தவறாக எண்ணியிருந்தேன். இரண்டு பாதியும் எல்லோருக்குமே உரியவை. அதனால் வரும் உடன்படிக்கை ஞாயிறுக்கு முன் இந்தப் பட்டியலை எழுதி முடிக்க வேண்டும் என்று எங்கள் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

என் பங்குக்கு ஒரு கொப்பி வாங்கித் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினான்கு வீடுகள். அதில் ஐந்து மெதடிஸ்த வீடுகள் அல்ல. எனக்கும் எழுபத்திரண்டு வயது, வலது முழங்காலும் சரியில்லை, ஆகவே மழைக்காலம் தொடங்குவதற்குள் சைக்கிள் ஓடக்கூடிய ஒருவர் என்னோடு சேர்ந்தால் உதவியாக இருக்கும். எந்தச் சபையாராக இருந்தாலும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மெதடிஸ்த சபை அங்கத்தவர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.