இரு தீவுகள், ஒரு பகல் பயணம்

ஐயா,

வணக்கம். தங்கள் நாளிதழில் தீவுச் சுற்றுலா பற்றி எழுதும்போது, தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறேன்.

அந்தமானின் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) லட்சத்தீவின் அகத்திக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,240 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது 3 மணி நேரப் பயணம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. சென்னைக்கு வந்து, கொச்சிக்குப் போய், அங்கிருந்து அகத்திக்குப் பறப்பது ஒரு வழி. இந்தச் சுற்றுவழி தூரத்தில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான் கூடுதல் என்றாலும், நேரத்தில் ஒரு பகலையே விழுங்கிவிடுகிறது; இணைப்பு தவறினால் இரவும் கொச்சியில்தான்.

நேரடி விமானம் இல்லாததற்கு ஒரு காரணம் அகத்தியின் ஓடுதளம். அதன் நீளம் சுமார் 1,200 மீட்டரே என்பதால், சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே அங்கு இறங்க முடியும். இறங்கும்போது இருபுறச் சன்னல்களிலும் கடலே தெரியும். தீவு அவ்வளவு ஒடுக்கமானது.

இரு தீவுகளுக்கும் கடிகாரம் ஒன்றே, ஆயினும் போர்ட் பிளேரில் சூரியன் சுமார் 80 நிமிடம் முந்தி உதிக்கிறது. விடியலில் புறப்படும் முதியவர்களுக்கு அந்தப் பகல் எவ்வளவு நீளமானது என்பதை என் தாயாருடன் சென்றபோது கண்டேன். காத்திருப்பையும் சேர்த்த மொத்த நேரத்தையும், லட்சத்தீவுக்கு முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும் என்பதையும் தூரத்தின் அருகிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை